குங்கிலிய வெண்ணெய்

"மாறுங்க எல்லாரும்! எனக்க அம்மைய நான்தான் குளிப்பாட்டுவேன்."

பக்கத்து வீட்டு ராஜமணியின் கையிலிருந்து செம்பைப் பிடுங்கினாள் சுசீலாபாய்.

அம்மையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் அவள் ஆரியசாலையிலிருந்து கல்லாற்றுக்கு வந்திருந்தாள். வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே மெத்தையும் விரித்துக் கொண்டுவந்திருந்தாள். வந்து பார்த்தால், விடியும்போதே அம்மை செல்லபாய் கண்ணை மூடியாயிற்று. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோய் இரண்டு வருஷம் கிடந்த உடம்பு.

போனமுறை வந்தபோதே சுசீலாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அப்படித்தான் அவள் நினைத்தாள். வாசலில் கால் வைத்ததும் குங்கிலிய வாசம் குப்பென்று அடித்தது. அவள் புருஷன் வேலை பார்க்கும் மலைச்சரக்குக் கடையில், எங்காவது எலி செத்துக் கிடந்தால் குங்கிலியத்தைத்தான் கனலில் போடுவார்கள். அம்மையின் முதுகு அழுகுகிறது, தம்பி பெண்டாட்டி தாசம்மாள் வாசம் போட்டு மூடுகிறாள் என்று அப்போதே தீர்மானித்தாள். துணியை விலக்கிப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை. வாய்க்கு அந்தப் பயமெல்லாம் கிடையாதே! கோயிலில், சந்தையில், கிணற்றடியில், "மருமவ கையில எனக்க அம்மை புழுத்துக் கிடக்கா" என்று சொல்லாத இடமில்லை.

அந்தப் பேச்சு கல்லாறு வரை வராமலா இருக்கும்? தாசம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. வெந்நீர்ப் பானையை இறக்கி வைத்து, "சூடு பாத்துக்கிடுங்க மைனி. அம்மைக்குச் சூடு ஆவாது" என்றாள்.

"செத்தவளுக்கு என்னட்டீ சூடு?"

தாசம்மாள் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

ராஜமணி கதவைச் சாத்தினாள். "பிடி, சரிச்சுப் பிடி. எல்லாரும் காணட்டும்" என்ற சுசீலா, தன் கண்ணை இறுக மூடிக்கொண்டு அம்மையைத் திருப்பினாள்.

திறந்து பார்த்தாள். மெலிந்த முதுகு. எலும்பை எண்ணிவிடலாம். ஆனால் ஒரு கீறல் இல்லை. இடுப்பெலும்பின் மேல் மட்டும் வெளுத்துப்போன ஒரு தழும்பு.

"என்ன பாக்க? அது முதல் மழைக்குப் பொட்டின படுக்கைப் புண்ணு. விரல் உள்ள போவும்" என்றாள் ராஜமணி. "மலையிலேருந்து தேனு கொண்டாற காணிக்காரி ஒருத்தி சொல்லிக் குடுத்தா. வெள்ளைக் குங்கிலியத்தப் பொடிச்சு எண்ணெயில உருக்கி, பச்சத் தண்ணியில ஊத்தி, வெண்ணெயாட்டம் திரளுற வரைக்கும் கையால அடிச்சு அடிச்சுக் கழுவணும். கேக்க எளுப்பம்! நான் ஒருக்கா அடிச்சேன், பிறவு ரெண்டு நாளு மீன் வெட்டக் கை மேல பொங்கல்ல. புண்ணு மூடின பிறவும் தாசம்மா பூசுறத விடல்லியே."

"அப்பம் அந்த வாசம்..."

"மருந்து வாசம், பின்னே? உருக்குனா தெருவே மணக்கும். நீ என்னன்னு நெனச்ச?"

சுசீலா செம்பில் நீரை முகந்து, தன் முழங்கையில் விட்டுப் பார்த்தாள். பானையில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்தாள். பிறகு அம்மையின் தோளில் மெல்ல ஊற்றினாள்.

வெள்ளைச் சேலை உடுத்திக் கட்டிலில் கிடத்தினார்கள். ஆரியசாலைச் சொந்தக்காரி ஒருத்தி மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

"புண்ணையெல்லாம் துணி வச்சு நல்லா கெட்டியாச்சா, சுசீலா?"

"புண்ணா? எங்க புண்ணு?" வீடு முழுக்கக் கேட்டது சுசீலாவின் குரல். "நான்தான் குளிப்பாட்டினேன். முதுகு பச்சப் பிள்ளைக்க முதுகாட்டம் இருக்கு. முந்தானைய எடு கொள்ளாதவளே!"

அடுக்களையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

உச்சிவெயில் சன்னல் வழியாகக் கட்டிலில் விழுந்தது. தாசம்மாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. தினமும் வெயில் இந்த இடத்துக்கு வரும்போது அம்மையைத் திருப்பிப் படுக்கவைப்பதுபோலவே குனிந்து, ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் மறு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்தாள். கை பாதியில் நின்றது. கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து சாவுப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள்.

சுசீலாபாய் எழுந்து கட்டிலின் மறுபக்கம் போனாள். அவளும் கை கொடுத்தாள். இருவருமாக, வெயில் முகத்தில் படாதபடி, செல்லபாயை மெல்ல ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள்.