இல்லாத பிரேக்

போன ஞாயிறு தேவாலயம் முடிந்து திரும்பும்போது, வெர்லினின் பழைய அமெரிக்க மஸில் கார் சிவப்பு விளக்கில் நிற்காமல் வழுக்கி, முன்னால் நின்ற பால் லாரிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அன்றோடு அவன் மனைவி நொரீன் பேச்சை நிறுத்திவிட்டாள். கடைசியாகச் சொன்னது இதுதான்: "முப்பது வருஷமா இந்தப் பக்கம் உக்காந்து இல்லாத பிரேக்க மிதிக்கிறேன். இனி இதுல ஏறமாட்டேன்."

கம்பெனி போட்ட டிரம் பிரேக்கை மாற்றினால் பழைய கார் கண்காட்சியில் மதிப்புப் போய்விடும் என்று அத்தனை வருடமும் அடம்பிடித்தவன், வாயை மூடிக்கொண்டு டிஸ்க் பிரேக் வாங்கி மாட்டினான். கடைசியில் பிரேக் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்குப் பெடலை மிதிக்க இன்னொரு ஆள் வேண்டும்.

"நொரீன், உன் கால் மட்டும் போதும். பேச வேண்டாம்."

வந்து உட்கார்ந்தாள்.

"அழுத்து," என்றான் வண்டிக்கு அடியிலிருந்து.

"அழுத்திட்டேன்."

"விடாத."

"விடல."

ஒரு மணி நேரம் இதே பேச்சுதான். பெடல் கல்லாக இறுகியது.

"முடிஞ்சுது, இறங்கு."

அவள் இறங்கவில்லை. ஓட்டுபவர் இருக்கையில் அவளை அவன் ஒருநாளும் உட்காரவிட்டதில்லை.

"சாவியக் குடு. நீ அந்தப் பக்கம் ஏறு."

கையைத் துடைத்துக்கொண்டு ஏறினான். தெருமுனை நெருங்கியது, அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. வெர்லினின் கால் தானாகத் தரையை ஓங்கி மிதித்தது.

கார் நிறுத்தக் கோட்டிலேயே கச்சிதமாக நின்றது.

நொரீன் அவன் காலைப் பார்த்தாள். "அங்க ஒண்ணும் இல்ல வெர்லின். நானும் தேடிப் பாத்துட்டேன்."