தேவ்கலாவுக்கு வைக்காத திலகம்

தசைன் பண்டிகையின் பத்தாம் நாள் திலகத்தை எங்கள் வீட்டில் மூத்தவன்தான் வைக்க வேண்டும். அறுபத்தெட்டு வயதில் மலையூரான ஜும்லாவிலிருந்து இரண்டு நாள் பஸ்ஸில் உட்கார்ந்து நான் காத்மாண்டு வந்தது அதற்காகத்தான். தாயில்லாத என் பேத்தி தேவ்கலாவை இங்கே ஒரு பிள்ளைகள் விடுதியில் சேர்த்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அவள் அப்பன், என் மகன் கர்ணபீர், மலேசியாவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான்.

முற்றத்தில் பிள்ளைகள் எல்லாரும் புதுச் சிவப்புத் துணியில் நின்றார்கள். தேவ்கலா மட்டும் வெள்ளை உடுத்தி ஓரமாக இருந்தாள். நான் தயிரிலும் குங்குமத்திலும் அரிசியைக் குழைத்து அவள் நெற்றிக்குக் கொண்டுபோனேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். நெதர்லாந்திலிருந்து வந்து சம்பளமில்லாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள். பெயர் மைக்கே. பிள்ளைகள் தாத்தாவைக் கூப்பிடுவதுபோல அவளும் என்னை பாஜே என்றாள்.

"வேணாம் பாஜே. இந்த வருஷம் வைக்கக் கூடாது. அப்பா செத்து ஒரு வருஷம் ஆகல. உங்க வழக்கம். நான் படிச்சேன்."

"யாரோட அப்பா?"

"தேவ்கலா அப்பா. உங்க மகன்."

கிழவனுக்கு நினைவு தப்பிவிட்டது என்று எண்ணினாள் போலும். பரிவோடு உள்ளே போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். கர்ணபீர் ஷாஹி இறந்தான் என்று அதில் எழுதியிருந்தது. அடியில் என் கையெழுத்து.

இந்த விடுதியை நடத்துபவன் என் சித்தப்பா மகன் ரங்கபகதூர். "ஸ்கூல் பாரம்ணா, இங்க ஒரு கையெழுத்து" என்றுதான் இவளைச் சேர்த்த அன்று நீட்டினான். எனக்குப் படிக்கத் தெரியும். ஆனால் ரத்த சொந்தம் நீட்டும் காகிதத்தை அவன் கண்ணெதிரே படித்துப் பார்ப்பது, அவனைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம். எங்கள் குடும்பத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை. நானும் செய்யவில்லை.

தேவ்கலா என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"மூஞ்சிய அப்படி வச்சுக்காதீங்க பாஜே, மிஸ் பயந்துரும்."

"உங்கப்பன் போன வாரம்தான்டி போன்ல பேசினான்! பண்டிகைக்கு ஆட்டுக்கறி கிடைக்கலன்னு அழுதான்."

"மெதுவா பேசுங்க. இது அனாதைங்களுக்கான விடுதி, அப்பா இருந்தா இங்க இடமில்ல. என்கூடப் படிச்ச ரிதுவோட அப்பா போன மாசம் வந்து நின்னாரு. மறுநாளே அவ பெட்டியக் கட்டிட்டாங்க."

"கட்டட்டும். நம்ம வீட்டுப் பொண்ணு பிச்சைச் சோறு தின்ன வேண்டாம். ஊருக்கு வா."

"ஊர்ல பள்ளிக்கூடம் அஞ்சாவதோட சரி. அப்புறம் மாடு மேய்க்கணும். மாடு ஒண்ணு தவறினா நீங்களே என்ன மூதேவின்னு திட்டுவீங்க." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நான் இங்க மொதல் மார்க் பாஜே. சொல்லிராதீங்க."

மைக்கே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து எங்கள் எதிரில் மண்டியிட்டாள். அட்டையில் தேவ்கலாவின் பெயரைப் பூப்போட்டு எழுதியிருந்தாள்.

"இது அப்பா பத்தி. பெரியவ ஆனதும் படிப்பா. இவ எதுவும் சொல்ல மாட்டா. பாஜே, அவர் எப்படி செத்தார்?"

உண்மையைச் சொன்னால் பேத்தியின் படிப்பு போகும். ஷாஹி வீட்டுக் கையெழுத்து பொய்க் கையெழுத்து என்று இந்த நகரம் முழுக்கத் தெரியும். இரண்டில் எதை அதிகம் நினைத்தேன் என்று இன்றுவரை எனக்கே சொல்லத் தெரியவில்லை.

"மலையில புல்லறுக்கப் போனான். கால் வழுக்கிருச்சு."

"வலிச்சுதா?"

"இல்லம்மா. உடனே போயிட்டான்."

"எந்த நாள்?"

காகிதத்தில் பார்த்த தேதியைச் சொன்னேன். மைக்கே எழுதிக்கொண்டே அழுதாள். தேவ்கலா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள் என் நெற்றியைப் பார்த்தாள். காலையில் கோயில் பூசாரி வைத்த திலகம் அங்கே இருந்தது.

"பாஜே, உங்களுக்கும் துக்கம்தானே?"

"ஆமாம்மா. பூசாரி தெரியாம வச்சுட்டான்."

தோள்துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தேன். ஒட்டிக் காய்ந்திருந்த அரிசி சீக்கிரம் வரவில்லை. துண்டை நனைத்துத் தேய்க்க வேண்டியிருந்தது. தண்ணீர் ஊற்றியவள் தேவ்கலா.