எண்ணெய் ரூம்

காலை எட்டு மணிக்கே சலவைக்கூடம் புழுங்கத் தொடங்கிவிட்டது. இஸ்திரி போடும் ரோலர் மெஷின் வாயிலிருந்து படுக்கை விரிப்புகள் ஆவி பறக்க வெளியே வந்துகொண்டிருந்தன. பெரிய ஓட்டல்களின் விரிப்புகள். இரண்டு இரண்டு பெண்களாக நின்று அவற்றை மடித்தார்கள். ஆளுக்கு இரண்டு முனை. உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, பின்னால் போய், மறுபடி வந்து, மேஜையில் வைத்து ஒரு தட்டு. அதற்குள் அடுத்தது வந்துவிடும்.

கூடத்தின் மூலையில் இருந்த சின்ன அறையின் கண்ணாடி வழியாக நர்ஸம்மா இதையெல்லாம் பார்த்தபடி பழுப்பு நிறக் குப்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பதினெட்டுக் குப்பிகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் உயரம்.

நர்ஸம்மா என்பது மற்றவர்கள் வைத்த பெயர். அவள் நர்ஸ் இல்லை. போன வருடம்வரை அவளும் அந்த மேஜையில் நின்று மடித்தவள்தான். பதினோரு வருடம் மடித்ததில் இடது தோள்பட்டை போய்விட்டது. கையைக் காதுக்கு மேலே தூக்க முடியவில்லை. எந்த நேரமும் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தாள். அந்தச் சமயத்தில்தான் முதலுதவி அறையில் இருந்த உண்மையான நர்ஸ் பிரசவத்துக்குப் போனாள். போனவள் திரும்பவில்லை. வேறு ஆளும் போடவில்லை. ஆறு மாதம் பூட்டிக் கிடந்த அறையை ஒருநாள் முதலாளியின் மைத்துனி வந்து திறந்தார். அவர் வாசனை எண்ணெய் வியாபாரம் செய்பவர். எல்லோரும் மேடம் என்பார்கள்.

"லேசான கை உனக்கு. இந்த வேலைக்கு நீதான் சரி" என்றார் மேடம். அரை நாள் சொல்லிக்கொடுத்தார். ஒரு வெள்ளைக்கோட்டு கொடுத்தார். சுவரில் ஓர் அட்டவணையை ஒட்டினார். இடது பக்கம் நோய், வலது பக்கம் எண்ணெய். தலைவலி, மயக்கம், மூச்சிரைப்பு, நெஞ்சடைப்பு, மரத்துப்போதல் என்று எதற்கும் ஒரு குப்பி இருந்தது. அலமாரியில் பழைய நர்ஸின் ரத்த அழுத்தக் கருவி இருந்தது. அதைக் காட்டி நர்ஸம்மா கேட்டபோது, "அதெல்லாம் படிச்சவங்க தொடறது. நீ விட்டுடு" என்றார்.

அறைக்கு எண்ணெய் ரூம் என்று பெயராயிற்று. ஆட்கள் வந்தார்கள். தலையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களைக் கட்டிலில் படுக்கவைத்து, ஃபேனைப் போட்டு, நெற்றியில் புதினா எண்ணெய் தொட்டு மெதுவாக நீவிவிடுவாள். பத்து நிமிடத்தில் எழுந்து, "போயிடுச்சுக்கா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நர்ஸம்மாவுக்கு மனசு நிறைந்துவிடும். வாழ்நாளில் அதுவரை யாரும் அவளைத் தேடி வந்து உதவி கேட்டதில்லை.

அவளுடைய மடிப்பு ஜோடி மட்டும் கிண்டல் செய்வாள். பதினோரு வருடம் எதிரே நின்றவள். ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. கூடத்தில் அவளுக்கு நெட்டை என்று பெயர்.

"எண்ணெய் இல்லடி. அந்த ஃபேன்" என்பாள் நெட்டை. "அங்கே எட்டு மணி நேரம் அடுப்பு முன்னாடி நிக்கறவளை இங்கே கொண்டாந்து படுக்கப்போட்டு காத்து வாங்கவிட்டா, வெறும் தண்ணியைத் தடவினாலும் எந்திரிச்சுப் போவா."

"போடி. உனக்கு வந்தாத் தெரியும்."

"எனக்கு என்ன வரும்? எமன் வந்தாலும் என் உயரத்துக்கு ஏணி எடுக்கப் போவான். அதுக்குள்ள நான் ஓடிடுவேன்."

அன்று கண்ணாடி வழியாக அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் நர்ஸம்மா. எட்டரை மணி சங்கு ஊதியது. அதே நேரம் நெட்டையின் வலது கையிலிருந்து விரிப்பின் முனை நழுவியது. எதிரே நின்ற பெண் சிரித்தாள். நெட்டை குனிந்து எடுத்தாள். மறுபடி நழுவியது. மூன்றாவது முறை விரிப்பு மொத்தமும் ஈரத் தரையில் விழ, சூப்பர்வைசர் கத்திக்கொண்டே வந்தார்.

நெட்டை எண்ணெய் ரூமுக்கு வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கை மரத்துப்போச்சுடி" என்றாள். "நாக்கு என்னவோ தடிச்சாப்ல இருக்கு." வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது குரல்.

நர்ஸம்மா அவள் காலைப் பார்த்தாள். "ஒரு கால் செருப்பு எங்கேடி?"

நெட்டை குனிந்து வலது காலைப் பார்த்தாள். "போட்டுட்டுத்தானே வந்தேன்" என்றாள்.

செருப்பு ரோலருக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

நர்ஸம்மா அவளைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு அட்டவணையைப் பார்த்தாள். மரத்துப்போதல், மிளகு எண்ணெய், மூன்று சொட்டு. வலது கையை மடியில் வைத்துத் தோளிலிருந்து விரல்வரை தேய்த்தாள். கை கனத்தது. குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். தண்ணீர் வாயின் ஓரமாக வழிந்து கழுத்தில் இறங்கியது. நெட்டை அதைத் துடைத்துக்கொள்ளவில்லை. வழிந்ததே அவளுக்குத் தெரியவில்லை என்பது நர்ஸம்மாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. குப்பியை மூடாமலேயே சூப்பர்வைசரிடம் ஓடினாள்.

"சார், நெட்டைக்கு என்னவோ மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடலாம்."

"அதுக்குத்தானே உனக்கு ரூம் போட்டுக் குடுத்திருக்கு? ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டினா ரிப்போர்ட் எழுதணும், ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருவான். ஆபீஸ்ல கேளு."

ஆபீஸில் கேட்டாள். ஆபீஸ்காரர் மேடத்துக்குப் போன் போட்டு அவள் கையில் கொடுத்தார்.

"பேசறாளா?" என்றார் மேடம்.

"பேசறா மேடம். கொழகொழன்னு."

"பதட்டம்தான். நீயும் பதறி அவளையும் பயமுறுத்தாதே. பிடரியில லாவண்டர், உள்ளங்கால்ல புதினா. நல்லாத் தேய்ச்சுத் தூங்கவை. தூங்கி எழுந்தா சரியாயிடும். ஆஸ்பத்திரிக்குப் போனா கண்ட ஊசியைப் போட்டு உடம்பைக் கெடுத்துடுவாங்க. ஆயிலுக்குக் கொஞ்சம் நேரம் குடு."

அந்தக் குரலில் துளி சந்தேகம் இல்லை. படித்தவர், நாலு ஊர் போனவர், பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். நர்ஸம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. அறைக்குத் திரும்பி நெட்டையைப் படுக்கவைத்தாள். கட்டிலுக்கு வெளியே நீண்ட அந்தப் பாதங்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தேய்த்தாள்.

"வீட்டுக்குப் போறேன்டி" என்றாள் நெட்டை. அந்தச் சொற்களே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

"தூங்கு. எந்திரிச்சதும் போகலாம். நானே கூட்டிட்டுப் போறேன்."

நெட்டை தூங்கினாள். தலைவலியோடு வந்த இரண்டு பெண்களிடம் நர்ஸம்மா உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். அவர்கள் ஓசைப்படாமல் நின்று நெற்றியைக் காட்டி எண்ணெய் தொட்டுக்கொண்டு போனார்கள். பத்து மணிக்கு எட்டிப்பார்த்தாள். நெட்டை குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். பதினொன்றரைக்கும் அப்படியே. எண்ணெய் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள். போர்வையை இழுத்துக் காலை மூடிவிட்டாள்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்தபோதுதான் எழுப்பினாள். "எந்திரிடி, சாப்பிடலாம்."

நெட்டையின் இடது கண் திறந்தது. வலது கண் பாதியில் நின்றது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக் கிடந்தது. தலையணை நனைந்திருந்தது. எழுந்திருக்க இடது கையை ஊன்றினாள். உடம்பின் மறுபாதி கூட வரவில்லை. அவள் நர்ஸம்மாவின் முகத்தையே பார்த்தாள். ஏதோ சொன்னாள். அது எந்தச் சொல்லும் இல்லை.

நர்ஸம்மாவின் அலறல் கேட்டுக் கூடமே ஓடிவந்தது. அப்போதும் ஆம்புலன்ஸ் கூப்பிடவில்லை. "நம்ம வேன் இருக்கே" என்றார் சூப்பர்வைசர். வேன் நிறைய ஓட்டல் மூட்டைகள். அதை இறக்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. நர்ஸம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் நெட்டையை விரிப்பில் கிடத்தி ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா ஒருத்தி குனிந்து பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"என்ன வாசனை இது?"

நர்ஸம்மா எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"எப்போ ஆரம்பிச்சது?"

"எட்டரைக்கு" என்றாள் நர்ஸம்மா.

"குத்துமதிப்பாச் சொல்லாதீங்க. சரியாத் தெரியணும்."

"சரியாத்தான் சொல்றேன். சங்கு ஊதினப்போ. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

டாக்டரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு பத்து. ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்து அனுப்பினாள். படம் வந்ததும் அதை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. அதைக் கரைக்க மருந்து இருக்கு. ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். இப்போ போட்டா உள்ளே ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்து." கொஞ்சம் நிறுத்தி, "எங்கேர்ந்து வரீங்க? ரொம்பத் தூரமா?" என்று கேட்டாள்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம். சலவைக்கூடம்" என்றாள் நர்ஸம்மா. "கால் மணி நேரம்."

டாக்டரம்மா மறுபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

நெட்டையின் கணவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். முழங்கைவரை நீலப் பெயின்ட்டோடு ஓடிவந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. சுவரோரம் குந்தி உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டே, "ஏம்மா தூங்க விட்டே?" என்றார்.

நர்ஸம்மா சொல்லிப்பார்க்கப் பல பதில்கள் இருந்தன. மேடம் சொன்னார். சூப்பர்வைசர் விடவில்லை. அட்டவணையில் இருந்தது. "நல்லாயிடும்னு நெனைச்சேண்ணா" என்றாள்.

நெட்டை பிழைத்துக்கொண்டாள். பத்தொன்பது நாள் கழித்து வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ தங்கியிருந்தது. சரி. பசிக்கிறதா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. வேண்டாம் என்பதற்கும் சரி, கோபத்துக்கும் சரி. மகள் தலையை இழுத்துச் சீவும்போது வலி தாங்காமல் அலறுவதும் அதே வார்த்தைதான். சொல்லவந்தது வேறு என்று அவளுக்கே தெரியும். சொன்ன பிறகு கண்ணை மூடிக்கொள்வாள்.

எண்ணெய் ரூமில் அட்டவணையை மறுநாளே கிழித்துவிட்டார்கள். குப்பிகளைப் பெட்டியில் போட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள். வெள்ளைக்கோட்டைத் திருப்பிக் கேட்டார்கள். ஆபீஸில் உட்காரவைத்து ஒரு தாளை நீட்டினார்கள். சக தொழிலாளிக்குத் தன் சொந்த யோசனையில் எண்ணெய் தேய்த்ததாக அதில் எழுதியிருந்தது.

"நான் போன்ல கேட்டேனே சார், உங்க எதிர்லதானே..."

"படிக்காம வைத்தியம் பார்த்தேன்னு போலீசுக்குப் போனா உள்ளே போறது யாரு, மேடமா, நீயா? கையெழுத்துப் போட்டுட்டு மேஜைக்குப் போ."

அவள் போட்டாள். தூக்க முடியாத தோளோடு மேஜைக்குப் போனாள்.

வார விடுமுறையில் நெட்டையின் வீட்டுக்குப் போய்விடுவாள். ஒரே அறை, கட்டில் போட்டால் மீதி நடக்க மட்டுமே இடம். நெட்டையை உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றித் துவட்டி, துணி மாற்றிவிடுவாள். கூடத்துக் கதைகளைச் சொல்வாள். முன்பு நெட்டை பேச அவள் கேட்பாள். இப்போது வாய் ஓயாமல் இவள் பேசினாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

அப்படி ஒரு நாள் மதியம், ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். செருப்பை வெளியே விட்டார்கள். மெதுவாகப் பேசினார்கள். மகளுக்குக் கூடத்தில் வேலை போட்டுத் தருவதாகப் பெயின்டரிடம் சொன்னார்கள். பெயின்டர் மகளைப் பார்த்தார். மகள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வந்தவர்களில் கண்ணாடி போட்டவர் பையிலிருந்து தாளை எடுத்துப் படித்தார்.

"எனக்கு முன்னரே ரத்த அழுத்தம் இருந்தது. இதை நான் நிர்வாகத்திடம் தெரிவிக்கவில்லை. என் விருப்பத்தின் பேரிலேயே அன்று ஓய்வெடுத்தேன். இதில் நிர்வாகத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை." நெட்டையின் பக்கம் குனிந்து, குழந்தையிடம் கேட்பதுபோல், "சம்மதமாம்மா?" என்றார்.

நெட்டையின் இடது கை போர்வையை இறுகப் பிடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. உதடு ஏதோ ஒன்றைத் தேடித் துடித்தது.

"சரி" என்றாள்.

"ஐயோ, அவளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் சார் வரும்!" என்றாள் நர்ஸம்மா. "வேணாங்கிறதையும் அப்படித்தான் சொல்லுவா. கேட்டுப்பாருங்க!"

"நீங்க சும்மா இருங்க" என்றார் கண்ணாடிக்காரர். "உங்க கையெழுத்து எங்ககிட்ட இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

துண்டைப் பிடித்தபடி நர்ஸம்மா நின்றாள். பெயின்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்றவர் மைப்பெட்டியைத் திறந்தார். போர்வைக்கு வெளியே கிடந்த வலது கையை எடுத்தார். அது தடுக்கவில்லை. கட்டைவிரலை மையில் உருட்டித் தாளில் வைத்து அழுத்தினார். தன் கை எங்கேயோ போய்வருவதை நெட்டை பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"சரி" என்று கத்தினாள். "சரி! சரி! சரி!"

கண்ணாடிக்காரர் அந்த விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், சட்டையிலிருந்து விலக்கினார். தாளைத் தூக்கிப் பிடித்து மை காய வாயால் ஊதினார்.

"போதும்மா" என்றார் கனிவாக. "ஒரு தடவை சொன்னாப் போதும்."