வால் தூக்கி வரைந்த கண்

உலக நாகரிகத்துக்குப் பொதுவாகவும் புதுச்சேரி நகர எல்லைக்குக் குறிப்பாகவும் இதனால் அறிவிக்கப்படுவது: 2019ஆம் ஆண்டு சித்திரை மாதம் ஒரு புதன்கிழமை காலை பத்தே கால் மணியிலிருந்து, வைத்திக்குப்பம் பூவாயியின் கண்களுக்குக் கடலின் அடித்தரை தெரியத் தொடங்கியது. அன்று வஞ்சிரம் கிலோ எண்ணூறு ரூபாய்.

காரணம் சந்திரகலா. குப்பத்து முனையில் பியூட்டி பார்லர் வைத்திருந்தவள், பெரிய ஓட்டலில் நடந்த மூன்று நாள் ஐலைனர் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு திரும்பினாள். கண்களில் ஆறு வடிவம் உண்டு, தலைசிறந்தது பாதாம் என்று மும்பையிலிருந்து வந்த அம்மையார் அங்கே முழங்கியிருந்தார். குப்பத்தில் பாதாமைப் பார்த்தவர்கள் பாயசத்தில்தான் பார்த்திருந்தார்கள். ஆகவே சந்திரகலா எல்லாவற்றையும் மீனாக மாற்றிக்கொண்டாள். பாதாம் சங்கரா ஆயிற்று. உருண்டைக் கண் காரப்பொடி. அதற்கு மைக்கோட்டைக் கடைக்கண் தாண்டி இழுக்க வேண்டும். சின்னக் கண் நெத்திலி. கீழிமையில் கோடே கூடாது. ஓரம் தொங்கினால் கெளுத்தி; கடைக்கண் வருமுன்பே கோட்டை மேலே திருப்பி வாலைத் தூக்கிவிட வேண்டும். மீன்விழி என்று கவிஞர்கள் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். எந்த மீன் என்று கேட்டது வைத்திக்குப்பம்தான்.

பூவாயிக்குக் கெளுத்திக் கண். அக்கா மகள் தேவிப்பிரியாவின் நிச்சயதார்த்தத்துக்காக வால் தூக்கி வரைந்துகொண்டவள், கரையில் கொட்டியிருந்த கருங்கல் மேல் ஏறிக் கடலைப் பார்த்தாள். முப்பது வருஷத்துக்கு முன்பு கடல் தின்ற மணல்வெளி தண்ணீருக்கு அடியில் அப்படியே, நனையாமல் கிடந்தது. கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளமும், தன் கல்யாணப் பந்தலின் கால் நட்ட குழிகளும் இருந்தன. அழுதால் மை கரையும் என்று சந்திரகலா எச்சரித்திருந்ததால், அழுகையைச் சாயங்காலத்துக்கு ஒத்திவைத்தாள். அப்போதுதான் குழியோரம் தன் மூக்குத்தியைக் கண்டாள்.

கல்யாணத்தில் புருஷன் இருசப்பன் போட்ட மூக்குத்தி. மூன்றாம் நாள் தொலைந்தது. தன் தம்பி படகு மோட்டார் வாங்கப் பூவாயி அதை விற்றுவிட்டாள் என்று இருசப்பன் சொன்னான், குப்பம் நம்பியது, தம்பி அவள் வாசலை மிதிப்பதை விட்டான். முப்பத்தொரு வருஷமாக அந்த வீட்டுச் சண்டைகள் எல்லாம் "அசல் தங்கம்டி அது!" என்றுதான் முடிந்தன.

"யோவ், எறங்கு. அங்க கீது" என்றாள் பூவாயி.

"போனது போவட்டும், வுடு பூவாயி. இப்ப எதுக்கு அது?" என்றான் இருசப்பன். கல்யாணமான நாளிலிருந்து அவன் காட்டிய முதல் பெருந்தன்மை அது.

"திருட்டுப் பட்டம் கட்டுனப்ப தெரியலியா? எறங்குய்யா!"

ஊரே கூடிவிட்டதால் இறங்கினான். மூன்று முறை முங்கினான். மூன்று முறையும் "இல்ல" என்றான்.

"கால எடுய்யா. கட்டவெரலுக்கு அடியில கீது."

நான்காம் முறை கொண்டுவந்தான். பூவாயி அதைச் சேலைத் தலைப்பில் தேய்த்துப் பார்த்தாள். தம்பிக்குப் போன் போட்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பார்லர் காலை ஆறு மணிக்கே திறக்கிறது. குருசுக்குப்பத்திலிருந்தும் வருகிறார்கள், ஆண்களும் வரைந்துகொள்கிறார்கள். எல்லோரும் கருங்கல் மேல் வரிசையாக உட்கார்ந்து தங்கள் பழைய கரையைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறியதும் வீட்டுக்குப் போகிறார்கள். பூவாயிக்குப் பக்கத்து இடம் தம்பிக்கு. இருவருக்கும் டீ வாங்கி வருவது இருசப்பன். சர்க்கரை குறைவென்றால் மறுபேச்சு இல்லாமல் திரும்பிப் போகிறான்.

மூக்குத்தி கவரிங்.