ஏழு மணி லோஞ்ச்

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன வருடம், துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த லாபிருக்கு வேலை போனது. அவர் பழைய லோஞ்ச் ஒன்றை, அதாவது மோட்டார்ப் படகை வாங்கி, குடாவுக்கு அக்கரையில் இருந்த மூதூருக்கு ஆள் ஏற்றத் தொடங்கினார். தொழில் தொடங்குகிறவனுக்கு வேண்டிய குணங்கள் எல்லாம் தன்னிடம் இருக்கின்றன என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. துணிவு இருந்தது. உறுதி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, துரைமாரிடம் கற்ற நேரந்தவறாமை இருந்தது. பயணிகள்தான் இல்லை.

காலை ஏழு மணிக்கு வெளிக்கிடும் என்றால் ஏழுக்கே வெளிக்கிடும். யாராவது கருவாட்டுப் பெட்டியோடு ஓடிவந்து, "நானா, நில்லுங்க!" என்று கத்தினால், லாபிர் கைக்கடிகாரத்தை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விடுவார். சனங்களைத் திருத்தும் வேலையையும் அவர் இலவசமாகவே செய்தார்.

பக்கத்தில் இராசதுரையின் லோஞ்ச் நிற்கும். "எங்கட ஏழு மணி எண்டா, ஆக்கள் வந்து சேருற நேரம்," என்பார் இராசதுரை. அதில் ஆடும் ஏறும், கோழியும் ஏறும். 'இந்த மனுசன் எங்கே முன்னேறப்போகிறார்?' என்று லாபிர் இரக்கப்பட்டார்.

ஒருநாள் லாபிரின் மனைவி சுபைதா, மூதூரில் தங்கையின் கலியாணத்துக்குப் போக வந்தாள். பலகாரப் பெட்டியோடு இறங்குதுறைப் படியில் அவள் கால் வைக்கவும் ஏழு மணி ஆகவும் சரியாக இருந்தது. லாபிர் கயிற்றை அவிழ்த்தார்.

"இஞ்ச பாருங்க, நான்தான்!"

"தெரியும்," என்றார் லாபிர், கடலிலிருந்து. "எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்!"

தன் நேர்மையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

இராசதுரை, "வாங்க தங்கச்சி," என்று பெட்டியை வாங்கி வைத்து, கதிரை போட்டு அவளை இருத்திக் கூட்டிப்போனார்.

கலியாண வீட்டில் மாப்பிள்ளையைப் பற்றிக் கதைக்க வேண்டியவர்கள் லாபிரைப் பற்றிக் கதைத்தார்கள். ஒரே சஹன் தட்டில் அவரோடு சோற்றில் கை வைத்தவர்களுக்குச் சிரிப்பை அடக்கியே புரையேறியது.

அதன்பின் அவருடைய லோஞ்சில் ஏற ஒருவரும் வரவில்லை. லாபிர் உறுதியை இரட்டிப்பாக்கினார். வெறும் லோஞ்சை நேரத்துக்குக் கொண்டுபோய், நேரத்துக்கு வெறுமையாகவே கொண்டுவந்தார். கொட்டியாரக் குடாவில் இவ்வளவு ஒழுங்காக எண்ணெய் எரித்தவர் வேறு எவருமில்லை.

சுபைதா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு காலையில் வந்து, லோஞ்சின் கயிறு கட்டியிருந்த கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எழும்பு, ஏழு மணி."

"ஏலாது."

"சனம் என்ன நினைக்கும்?"

"சனம் வந்தாத்தானே நினைக்கும்!"

இராசதுரையின் லோஞ்ச் அன்று நிறைந்து முன்னமே போய்விட்டிருந்தது. தெருமுனையில் ஒரு கிழவரைத் தாங்கிக்கொண்டு இரண்டு மகன்மார் வந்தார்கள். "ஆசுபத்திரியால வாறீங்களா? மெல்ல வாங்க, இது நிக்கும்," என்றாள் சுபைதா. மரக்கறிக் கூடையோடு வந்தவளிடமும் அதையே சொன்னாள். லாபிர் வெட்கத்தில் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

லோஞ்ச் வெளிக்கிடும்போது பாதி நிறைந்திருந்தது. மூதூரில் இறங்கும்போது அந்தக் கிழவர் லாபிரின் கையைப் பிடித்து, "நீங்க நிக்காட்டி நான் அந்தப் படியிலயே கிடந்திருப்பன், தம்பி," என்றார். லாபிருக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. என்ஜின் சூடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு லோஞ்ச் நிறையத் தொடங்கியது. இரண்டாவது லோஞ்சும் வந்தது. நகர வியாபாரிகள் லாபிருக்கு மாலை போட்டுப் பேச அழைத்தார்கள். நேரந்தவறாமையும் யாருக்கும் வளையாத உறுதியும் தன்னை உயர்த்திய விதத்தை அவர் விளக்கினார். முன்வரிசையில் இருந்த இராசதுரைதான் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் சுபைதா சோறு போட்டுக்கொண்டே, "கிண்ணியா ஆக்களும் தங்கட ஊருக்கு லோஞ்ச் விடச்சொல்லிக் கேக்குறாங்க. போய் அவங்களோட கதைச்சிட்டு வந்தனான்," என்றாள்.

"ஓம்," என்றார் லாபிர், மாலையைக் கழற்றாமலே. "நானும் அதத்தான் யோசிச்சுக்கொண்டிருந்தனான்."