ஊதா ஜாக்கெட்டும் நீற்றுப் பூசணிக்காயும்

இதை எனக்குச் சொன்னவர் சபாரத்தினம்தான். ஆனால் அவர் சொன்ன ஒழுங்கிலேயே நான் நினைவு வைத்திருக்கிறேனா என்பது சந்தேகம். அவர் ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குத் தேநீர் ஆறும்வரை காத்திருப்பவர். இடையில் இருந்த மௌனங்களில் நானாக எதையாவது போட்டு நிரப்பியிருக்கக்கூடும். அது செவ்வாயா புதனா, பெய்தது மழையா தூறலா என்று கேட்டால் சத்தியம் பண்ண மாட்டேன். பூசணிக்காய்க்கு மட்டும் சத்தியம் பண்ணுவேன்.

அந்த வருடம் சபாரத்தினத்துக்கு அறுபத்திரண்டு வயது. வீடு லண்டனில், நோர்பரியில். இருபத்தொரு வருடம் ஒரு பெற்றோல் நிலையத்தில் காசாளராக இருந்தார். நிலையத்துக்கு மெசின் வந்தது. அவர் வெளியே வந்தார். அதன்பிறகு அதே நகரத்தில் ஒரு கடைத்தெருப் பகுதியில் அவருக்கு 'ரேஞ்சர்' வேலை கிடைத்தது. ரேஞ்சர் என்றால் காடு எதுவும் இல்லை. ஊதா நிற ஜாக்கெட், ஒரு வாக்கிடோக்கி, குப்பை பொறுக்கும் நீளக் குறடு, ஒரு டாப்லெட். இவ்வளவுதான்.

வரைபடத்தில் யாரோ ஒரு கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டுக்குள் வரும் கடைகள் எல்லாம் கூட்டாகப் பணம் போட்டு, தங்கள் தெருக்களைச் சுத்தமாகவும் பாதுகாப்பாகவும் வைத்திருக்க ஒரு அமைப்பை நடத்தின. 'பிட்' என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். கவுன்சில் ஒருமுறை பெருக்கிய தெருவை ரேஞ்சர்கள் இன்னொருமுறை பெருக்குவார்கள். பொலிஸ் வராத நேரங்களில் நடந்து திரிந்து எல்லோருக்கும் காலை வணக்கம் சொல்வார்கள். வங்கி வாசலில் யாராவது படுத்திருந்தால் அவரை எழுப்பி, உதவி கிடைக்கும் இடத்தைச் சொல்லி, கோட்டுக்கு அந்தப் பக்கம்வரை கூட்டிப்போய் விடுவார்கள். அந்தப் பக்கம் வேறொரு பிட். அங்கே பச்சை ஜாக்கெட். அவர்களும் அன்பானவர்கள்தான், மத்தியானத்துக்குள் அதே ஆளைத் திரும்பக் கூட்டி வந்துவிடுவார்கள். இரண்டு பக்கத்து அறிக்கைகளிலும் அது உதவி பெற்றவர் ஒருவர் என்று பதிவாகும்.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கடைக்காரர்கள் வாக்குப் போட வேண்டும். வேண்டும் என்றால் பிட் இன்னும் ஐந்து வருடம் இருக்கும். வேண்டாம் என்றால் ரேஞ்சர்கள் ஆறு பேரும் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். சபாரத்தினத்துக்கு ஓய்வூதியம் வர இன்னும் ஐந்து வருடம் இருந்தது. அறுபத்திரண்டு வயதுக்காரனுக்கு வேறெங்கும் வேலை கிடைக்காது என்பதை அவர் நான்கு இடங்களில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். அந்த வாக்கு வென்றால் அவர் கரை சேர்ந்துவிடுவார்.

வெல்லுமா என்பதுதான் கேள்வி. போன் திருத்தும் கடை வைத்திருந்த முருகேசன் எதிர்ப்பக்கத்துக்குத் தலைமை தாங்கினார். மதுரைப் பக்கத்துக்காரர், கடைகடையாக ஏறி இறங்கி, வேண்டாம் என்று போடச் சொல்லிக்கொண்டிருந்தார். சபாரத்தினத்தின் மேல் அவருக்குக் கோபம் கிடையாது. அதை அவரே சொல்வார்.

"உங்க மேல ஒண்ணும் இல்லண்ணே. ஆனா நீங்களே சொல்லுங்க, நீங்கல்லாம் இங்க என்னதான் பண்றீங்க?"

"சுத்தமா வைச்சிருக்கிறம்."

"சுத்தமாத்தான் இருக்கு. அப்புறம் நீங்க எதுக்கு?"

சபாரத்தினம் யோசித்தார். சரியான கேள்வியாகத்தான் பட்டது.

"பாதுகாப்பும் இருக்குத்தானே, தம்பி."

"ஆமா, பாதுகாப்பு! அந்தக் கம்பத்துல இருக்கிற கேமரா எட்டு மாசமா பேங்க் சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கு. சுவரு எங்கயும் ஓடிப்போயிடலையேண்ணே? நல்ல பாதுகாப்புதான். இந்தத் தெருவுல என்ன நடந்திருக்குன்னு நான் பயப்படணும்? ஒண்ணாவது நடந்திருக்கா?"

ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் பிரச்சினை. பிட்டின் முகாமையாளர் ஃபியோனாவும் அதைத்தான் வேறு சொற்களில் சொன்னார். குற்றம் குறைந்திருப்பதை வரைபடம் போட்டுக் காட்டலாம். ஆனால் நடக்காத ஒன்றை யாருக்கும் படம் பிடித்துக் காட்ட முடியாது. வாக்கெடுப்புக்கு ஒன்பது நாள் இருந்தது. அவருடைய கணக்கில் பாதிக்கு மேற்பட்ட கடைகள் முருகேசன் பக்கம்.

அடுத்த நாள் காலை ஏழேகாலுக்குச் சபாரத்தினம் தன் சுற்றைத் தொடங்கினார். பதினான்காம் இலக்கக் கடை வாசலில் நின்றுவிட்டார்.

அது துசியந்தி என்ற பிள்ளையின் புதுக் கடை. புருவம் திருத்தும், மருதாணி போடும் பார்லர். அன்றைக்குப் பத்து மணிக்குத் திறப்பு. விடியவே வந்து, ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, கடைக்குக் கண்ணூறு, அதாவது திருஷ்டி, கழித்திருக்கிறாள். நீற்றுப் பூசணிக்காயை வெட்டி, உள்ளே குங்குமம் நிரப்பி, வாசலில் ஓங்கிப் போட்டு உடைத்திருக்கிறாள். பக்கத்தில் நாலு தேசிக்காய்ப் பாதிகள், அவற்றிலும் குங்குமம். பிறகு கதிரைகள் ஏற்றி வர பிளேஸ்டோவுக்குத் திரும்பிப் போய்விட்டாள். அவள் போன பின் ஏதோ ஒரு விநியோக லொறி நடைபாதையில் ஒரு சில்லை ஏற்றிப் பூசணிக்காயை நசுக்கியிருக்கிறது. பிறகு மழை. குங்குமம் கரைந்து, கற்களின் இடுக்கெல்லாம் ஓடி, வாய்க்கால் மூடிவரை போயிருந்தது. நடுவில் வெளிறிய சதைத் துண்டுகள்.

சபாரத்தினத்துக்குப் பார்த்த கணமே விளங்கியது. ஒரு வாளித் தண்ணீர், ஒரு தும்புத்தடி, ஐந்து நிமிட வேலை.

அவர் குனியவில்லை.

ரேஞ்சராக இருந்த ஐந்து வருடத்தில் அவர் எடுக்காத அசிங்கம் இல்லை. ஊசி எடுத்திருக்கிறார், வாந்தி கழுவியிருக்கிறார், செத்த நரியொன்றைப் பையில் போட்டுத் தூக்கியிருக்கிறார். கோயிலுக்கும் அவர் வருடத்தில் ஒருநாள் தேருக்குப் போனால் உண்டு. கண்ணூறில் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். ஆனால் கழித்துப் போட்ட பூசணிக்காயைத் தொட்டால், மிதித்தால், கடந்தால் அதிலுள்ளது எல்லாம் தொட்டவன் மேல் ஏறும் என்பது நம்பிக்கையோடு சம்பந்தப்பட்ட விசயமாக அவருக்குப் படவில்லை. மின்சாரக் கம்பியைத் தொடக்கூடாது என்பதுபோல ஒன்று. வேறு நாளென்றால் தொட்டிருப்பாரோ என்னவோ. வாக்கெடுப்புக்கு எட்டே நாள். இந்த எட்டு நாளில் இன்னொருத்தியின் கண்ணூறை வாங்கிக் கட்டிக்கொள்ள அவரால் முடியவில்லை.

குறடு நீளமானது, கை படாமலே எடுக்கலாம். அதையும் யோசித்தார். குறடும் தொடுவதுதான் என்று முடிவு செய்தார்.

அப்படியே நின்றுகொண்டிருந்தபோது வாக்கிடோக்கி கரகரத்தது. ரயிலுக்குப் போன யாரோ ஒரு பெண் படம் பிடித்து அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாளாம். பதினான்காம் இலக்க வாசலில் பெருமளவு இரத்தமாம். ஃபியோனாவின் குரல் உயர்ந்திருந்தது. இரத்தமா என்று கேட்டார்.

சபாரத்தினம் பேசவில்லை. என்ன சொல்வது என்று வார்த்தை வார்த்தையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சிவப்பாக இருக்கிறது," என்று கடைசியில் சொன்னார். அது உண்மை.

அந்த மௌனத்தை ஃபியோனா அதிர்ச்சி என்று எடுத்துக்கொண்டார். எதையும் தொடவேண்டாம், யாரையும் கிட்டவிட வேண்டாம், நீ நலமாக இருக்கிறாயா, தைரியமாக இரு என்றார். தொடவேண்டாம் என்பது உத்தரவாகவே வந்துவிட்டதில் சபாரத்தினத்துக்கு ஒரு நிம்மதி.

இரண்டு பொலிஸ் கார்கள் வந்தன. நாடா கட்டினார்கள். இளம் பொலிஸ்காரர் ஒருவர் தேசிக்காய்ப் பாதிகளை ஒவ்வொன்றாகக் கையுறையோடு எடுத்துச் சாட்சிப் பைகளில் போட்டார். எலுமிச்சை கடித்து டெக்கீலா குடித்துவிட்டு அடிபட்டிருக்கிறார்கள் என்பது அவருடைய கருத்து. கமராவில் என்ன இருக்கிறது என்று கேட்டபோது, அது தரமுயர்த்தப்படுகிறது என்றார் ஃபியோனா. ஒரு நாயையும் கொண்டுவந்தார்கள். அது மோந்து பார்த்துவிட்டு ஆர்வமில்லாமல் உட்கார்ந்துகொண்டது. பாவம், காலையிலிருந்து வேலை என்றார் அதைக் கொண்டுவந்தவர்.

சபாரத்தினத்திடமும் கேட்டார்கள். யாரையாவது கண்டாயா? இல்லை. சத்தம் கேட்டதா? இல்லை. நீ வந்தபோது இது இப்படியே இருந்ததா? ஆம். கேட்ட ஒவ்வொன்றுக்கும் உண்மையைச் சொன்னார். இது என்ன என்று மட்டும் அவரை யாரும் கேட்கவில்லை.

பிறகு வெள்ளை உடையும் முகமூடியும் அணிந்த இருவர் வேறொரு நிறுவனத்திலிருந்து வந்து அள்ளத் தொடங்கினார்கள். வெள்ளரிக்காய் மணக்கிறதே என்று ஒருவன் சொன்னான். முகமூடியைச் சரியாகப் போடு என்றான் மற்றவன்.

ஒன்பதரைக்குத் துசியந்தி கதிரைகளோடு வந்து சேர்ந்தாள். நாடாவுக்கு வெளியே நின்ற ஊதா ஜாக்கெட்டைத்தான் முதலில் கண்டாள்.

"என்ன அண்ணை இது? ஆருக்கு என்ன நடந்தது? என்ர கடை வாசல்லை..."

அவள் எட்டிப் பார்த்தாள். வெள்ளை உடைக்காரன் கடைசித் துண்டை மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். துண்டோடு கொத்தாக விதைகள் தொங்கின.

"அண்ணை... உது என்ர..."

"மெல்லக் கதையும் பிள்ளை."

"நான் போய்ச் சொல்லுறன். மரக்கறி எண்டு சொல்லுறன்."

"மரக்கறிக்கு ரெண்டு பொலிஸ் கார், ஒரு நாய். இப்ப போய்ச் சொன்னா முதல்நாளே உம்மட கடைக்குத்தான் பேர் வரும்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"காலமை முதல்லை வந்தது நீங்கள்தானே? கண்ட உடனை விளங்கியிருக்கும். ரெண்டு நிமிசத்திலை கழுவி விட்டிருக்கலாமே."

அவர் வாய்க்கால் மூடியைப் பார்த்தார்.

"ஓ," என்றாள் துசியந்தி. "நீங்களும் தொடமாட்டியள் என்ன?"

கடைத் திறப்பு பன்னிரண்டு மணிக்கு நடந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் மூன்று பேர் அன்றே புருவம் திருத்திக்கொண்டார்கள்.

காயப்பட்டவர் யாரும் கிடைக்கவில்லை. எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் சேரவில்லை. சாட்சிப் பைகள் ஆய்வு வரிசையில் காத்துக் கிடந்தன. அதனால் ஆளைத் தூக்கிக்கொண்டே போய்விட்டார்கள் என்று தெரு முடிவு செய்தது. மாலையே ஃபியோனாவின் கடிதம் எல்லாக் கடைகளுக்கும் போனது. பாரதூரமான சம்பவம் ஒன்று நடந்தது. முதலில் அங்கே நின்றவர் உங்கள் ரேஞ்சர். மத்தியானத்துக்குள் நடைபாதை பளிச்சென்று ஆகிவிட்டது. வெள்ளை உடைக்காரர்களின் படமும் இருந்தது. நடக்காத ஒன்றுக்குக் கடைசியில் ஒரு படம் கிடைத்துவிட்டது.

மறுநாள் முருகேசன் கடையை விட்டு ஓடி வந்து சபாரத்தினத்தைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தூக்கம் இல்லை.

"அண்ணே, நெஜமாவே குத்திட்டாங்களா? என் கடையில இருந்து நாலு கடை தள்ளிண்ணே. நேத்து ஏழு மணிக்கு நான் அந்த வழியாத்தான் வர்றதா இருந்தேன். பஸ்ஸு லேட்டு."

"ஒண்டும் யோசியாதேங்கோ."

"எப்படிண்ணே யோசிக்காம இருக்கறது? என் கடைக்கு ஏதோ திருஷ்டி. நாளைக்குக் காலையில வாசல்ல ஒரு பூசணிக்காய் உடைச்சிடலாம்னு இருக்கேன்."

நாளைக்கு ஒரு பூசணிக்காய் அதே தெருவில் உடைந்தால், அதே சிவப்பு அதே கற்களில் ஓடினால், முதலாவது என்னவென்று குழந்தைக்கும் விளங்கிவிடும். உண்மையைச் சொல்லிவிட இது நல்ல நேரம் என்றும் சபாரத்தினத்துக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தார்.

"பூசணிக்காய் வேண்டாம்," என்றார். "நடைபாதையிலை உடைக்க ஏலாது. குப்பை போட்டதெண்டு பதிவு செய்வினம். உள்ளுக்கை ஒரு கற்பூரத்தைக் காட்டுங்கோ."

"கற்பூரம் காட்டினா ஸ்மோக் அலாரம் அடிக்கும்ணே! போன தீபாவளிக்கே ஃபயர் இஞ்சின் வந்துச்சு."

"அப்ப தேங்காயை சிங்குக்கை உடையுங்கோ."

"சிங்குக்குள்ள உடைச்சா திருஷ்டி சிங்குக்குத்தானண்ணே போகும்?" முருகேசன் பதினான்காம் இலக்க வாசல் பக்கம் திரும்பினார். "நான்தான் தப்பா பேசிட்டேன். உங்களை மாதிரி ஆளுங்க இருக்கணும். நானே எல்லாருக்கும் போய்ச் சொல்றேன்."

சொன்னபடியே செய்தார். கடைகடையாக ஏறி இறங்கினார். தன் பேச்சைத் தானே மறுத்துப் பேசுவதால் அவரை எல்லோரும் நம்பினார்கள். வாக்கெடுப்பில் பிட் வென்றது. பத்தில் ஒன்பது கடைகள் வேண்டும் என்றன. அன்று மாலை அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். முதல் துண்டு சபாரத்தினத்துக்கு.

ஆறு வாரம் கழித்துப் புதிய ஐந்தாண்டுத் திட்டத்துக்கான கூட்டம் நடந்தது. முருகேசன் இப்போது நிர்வாகக் குழுவில் இருந்தார். பகல் வெளிச்சத்தில் ஆளைக் குத்திப்போடுகிற தெருவுக்குக் குறடும் காலை வணக்கமும் போதாது என்று அவர்தான் முதலில் எழுந்து சொன்னார். மற்றவர்கள் கைதட்டினார்கள். கத்தி ஏறாத அங்கியும் உடம்பில் கமராவும் மாட்டிய, பயிற்சி பெற்ற, நாற்பது வயதுக்குள் தெரிகிற காவலர்களை ஒரு தனியார் நிறுவனத்திடமிருந்து எடுப்பது என்று தீர்மானமானது. சுத்தம் செய்வதற்கு ஒரு வாகனம் வாங்குவார்கள். ரேஞ்சர் பதவி நீக்கப்பட்டது. சபாரத்தினம் பின்வரிசையில் இருந்தார். ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று ஃபியோனா அன்போடு கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் காத்திருந்தார்கள். இல்லை என்றார்.

ரேஞ்சர்கள் ஆறு பேரும் ஜூன் மாதக் கடைசியில் வேலையிலிருந்து நின்றார்கள். ஃபியோனா வேறொரு நகரத்தில் இதைவிடப் பெரிய பிட் ஒன்றுக்குப் போய்விட்டார். துசியந்தியின் பார்லர் நன்றாக நடந்தது. அவள் ஃபாரஸ்ட் கேட்டில் இரண்டாவது கடை திறந்திருக்கிறாள். முருகேசன் குழுவின் துணைத் தலைவர். சபாரத்தினம் நோர்பரியில் ஒரு பலசரக்குக் கடையில் வாரத்துக்கு நான்கு காலை ஷிப்ட் வேலை செய்கிறார். மரக்கறிப் பெட்டிகளை இறக்கி வைக்கிறார்.