முடிப்பாசி

ஒரு நாளைக்கு மீன்களுக்கு எத்தனை தரம் தீனி போடுகிறார் என்று கேட்டால் வினாயகமூர்த்திக்கே சொல்லத் தெரியாது. காலையில் தேநீர் குடிக்கும்போது ஒரு சிட்டிகை. குளித்துவிட்டு வந்து ஒரு சிட்டிகை. வவுணதீவுப் பக்கம் ஷெல் விழுந்து யன்னல் கண்ணாடி அதிர்ந்தால், பாவம் பயந்திருக்கும் என்று அதற்கும் ஒரு சிட்டிகை.

கல்லடியில் அவர் வீட்டு முன்னறையில் இருந்த அந்தக் கடல்நீர்த் தொட்டி மகன் தவநேசனுடையது. கல்குடாக் கடலில் மூழ்கி அலங்கார மீன் பிடித்துக் கொழும்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தவன் அவன். சண்டை நின்றிருந்த காலத்தில், தனக்கென்று ஆசையாக ஒரு தொட்டி கட்டி, பாறைத் துண்டுகளும் பொத்தான் அளவுப் பவளப் பூக்களும் பூப்போல் கை விரிக்கும் ஒரு கடற்சாமந்தியும் வைத்தான். அந்தச் சாமந்திக்குள் குடியிருக்க, செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட இரண்டு மீன்கள். பிறகு மறுபடியும் சண்டை வந்தது. கடலுக்கு இறங்கத் தடை போட்டார்கள். இளம் பிள்ளைகளை வான் வண்டியில் ஏற்றிப் போகிறார்கள் என்ற கதை ஊரில் பரவியதும், வினாயகமூர்த்திதான் அவனைப் பிடிவாதமாகக் கட்டார் நாட்டுக்கு வேலைக்கு அனுப்பிவைத்தார். மனைவி கண்ணகை அதற்கு முன்பே நோயில் போய்ச் சேர்ந்துவிட்டாள். தபால் கந்தோரில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற மனிதருக்கு மிஞ்சியது வீடும், தொட்டி மோட்டாரின் முனகலும்தான்.

அவர் தொட்டிக்குக் கிட்டப் போனால் மீன்கள் இரண்டும் விழுந்தடித்துக் கண்ணாடிக்கு வரும். அவரைக் கண்டு ஓடிவருகிற உயிர் அந்த வீட்டில் வேறு எது? கை தானாகவே தீனி டப்பாவுக்குப் போய்விடும்.

பாசி முதலில் பாறையின் ஓரத்தில் பச்சைத் தூசு போலத்தான் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்க அது முடியாக வளர்ந்து, விரல் நீளத்துக்குத் தொங்கத் தொடங்கியது. பழைய பல்துலக்கியால் தேய்த்துப் பார்த்தார். தேய்த்த இடத்தில் இன்னும் அடர்த்தியாக முளைத்தது. பவளப் பூக்கள் பாசிக்குள் மூச்சு முட்டி மூடிக்கொண்டன. கடற்சாமந்தி சுருங்கிப் போயிற்று.

வாரத்துக்கு ஒரு தரம், ஞாயிற்றுக்கிழமையில் தவநேசன் தொலைபேசி அழைப்பு எடுப்பான். அந்த ஞாயிறும் எடுத்தான்.

"அப்பா, குறையிற தண்ணிக்கு என்ன ஊத்துறீங்க?"

"கிணத்துத் தண்ணிதான்."

"ஐயோ, அது கூடாது. பாசிக்கு அது உரம். மழைத்தண்ணி பிடிச்சு ஊத்துங்க. தீனி கூடப் போடுறீங்களோ?"

"சே. ஒருக்காத்தான்."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் போனை வைத்ததும் மீன்கள் கண்ணாடிக்கு வந்தன. அவர் டப்பாவைத் திறந்தார்.

ஏறாவூர் முத்தலிப் தவநேசனோடு தொழில் செய்தவன். புன்னைக்குடாக் கரையில் அள்ளிய கடல்நீரை இரண்டு கேன்களில் மோட்டார் சைக்கிளில் கட்டி, இடைக்கிடை கொண்டுவந்து தருவான். அந்தத் தரம் ஒரு வாளியில் பாசி மேயும் நத்தைகளும் கொண்டுவந்து தொட்டிக்குள் விட்டான். அவன் கேனை இறக்கும்போது வினாயகமூர்த்தி தீனி போட்டார். தேநீர் கொடுத்துவிட்டு மறுபடியும் போட்டார். அவன் புறப்பட எழும்ப, மூன்றாம் தரம் கை டப்பாவுக்குப் போனது.

முத்தலிப் கோப்பையைக் கீழே வைத்தான்.

"மாஸ்டர், நீங்க மீனுக்கா தீனி போடுறீங்க? பாசிக்கெல்லோ போடுறீங்க."

"அதுகள் பசியில வருகுதுகள், முத்தலிப்."

"பசியில்ல மாஸ்டர். நீங்க பழக்கி வெச்சிரிக்கீங்க." குரல் தணிந்தது. "ஒங்களுக்கும் பேச ஆரு இரிக்கா? எனக்கு வெளங்குது. ஆனா இப்பிடிப் போட்டா ஒண்டும் மிஞ்சாது."

வினாயகமூர்த்தி டப்பாவிலிருந்து கையை எடுத்தார். முத்தலிப் வழிவகை சொன்னான். முதலில் பாசியைக் கையால் பிடுங்கி வெளியே எடுக்க வேண்டும். பிறகு தொட்டியைக் கறுப்புத் துணியால் போர்த்தி, விளக்குப் போடாமல் மூன்று நாள் இருட்டில் விட வேண்டும். தீனி கூடாது. மிச்சப் பாசி செத்து அழுகும். உடனே தண்ணீர் மாற்றாவிட்டால் அந்த அழுகலே மறுபடி பாசிக்குச் சாப்பாடாகும்.

"சனிக்கிழம நான் தண்ணியோட வாறன்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றே கையை விட்டுப் பிடுங்கினார். ஒரு சட்டி நிறையப் பாசி. கண்ணகையின் பழைய கறுப்புச் சேலையை எடுத்துத் தொட்டியைப் போர்த்தினார்.

அந்த நாட்கள்தான் பொல்லாதவை. தேநீர்க் கோப்பையோடு பழக்கத்தில் தொட்டிக்கு முன்னால் போய் நின்றுவிடுவார். துணிக்குப் பின்னால் மோட்டார் மட்டும் முனகும். வானொலியைப் போட்டார்; மரணச் செய்திகள் வாசித்தார்கள்; நிறுத்தினார். யாரிடமாவது ஒரு வார்த்தை பேச வேண்டும் போலிருந்தது. கதவைத் திறந்து பார்த்தார். ஒழுங்கையில் நாய்கூட இல்லை.

சனிக்கிழமை முத்தலிப் வரவில்லை. பாதையில் குண்டு வெடித்து ஏறாவூர்ப் பக்கம் அடைத்துவிட்டார்கள் என்று போனில் சொன்னான். எப்போது திறப்பார்களோ தெரியாது.

துணியைத் தூக்கிப் பார்த்தார். பாசி வெளிறி அழுகி, தண்ணீர் கலங்கிக் கிடந்தது. ஒரு மீன் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடியது. அவர் சட்டையை மாட்டி, இரண்டு கேன்களைச் சைக்கிளில் கட்டி, மாதக்கணக்கில் போகாத கடற்கரைக்கு உருட்டிக்கொண்டு போனார்.

காவலரணில் இருந்த சிப்பாய் தண்ணீர் அள்ள விட்டான். திரும்பி வரும்போதுதான் மறித்தான்.

"என்ன இது?"

"கடல் தண்ணி. வீட்டில மீன் இருக்கு, மகனுட மீன்."

சிப்பாய் கேனை முகர்ந்து பார்த்தான். கடலையும் பார்த்தான், கிழவரையும் பார்த்தான். வீட்டில் வைக்கக் கடல்நீரா? கேனில் வேறு ஏதும் கடத்துகிறாரோ?

"குடி," என்றான்.

வினாயகமூர்த்தி மூடியில் ஊற்றிக் குடித்தார். தொண்டை எரிந்து கண்ணில் நீர் வந்தது. இருமி முடிக்கும் வரை சிப்பாய் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தன் போத்தலை நீட்டி, அவர் வாய் கொப்பளித்து முடிய, போகச் சொல்லிக் கையை அசைத்தான்.

அன்று மாலைக்குள் பாதித் தண்ணீரை மாற்றினார். அடுத்த நாளும் போனார். அதே சிப்பாய் கேனைத் திறக்கச் சொல்லவில்லை.

பாசி பிறகு தலையெடுக்கவில்லை. நத்தைகள் பாறையை வழித்துத் துடைத்தன. பவளப் பூக்கள் பாதிதான் திரும்ப விரிந்தன. மற்றவை போனது போனதுதான். இரண்டு நாளைக்கு ஒரு தரம் மட்டும் தீனி போட்டார். கொஞ்சக் காலத்தில் மீன்கள் அவரைக் கண்டு ஓடிவருவதை விட்டுவிட்டன. பாறையில் எதையோ கொத்திக்கொண்டு, சாமந்திக்குள் புகுந்து, தங்கள் பாட்டில் திரிந்தன.

"இப்ப எப்படியப்பா?" என்று தவநேசன் கேட்டான்.

"நல்லாயிருக்கு. தண்ணி கண்ணாடி மாதிரி." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "நான்தான் மகன் கூடப் போட்டனான். ஒருக்கா எண்டு உனக்குப் பொய் சொன்னன்."

சொல்லிக்கொண்டே தொட்டிக் கண்ணாடியில் படிந்த உப்பைச் சட்டை நுனியால் துடைத்தார்.

"தெரியும் அப்பா," என்றான் மகன். "நான் நாளைக்கும் எடுக்கிறன்."

போனை வைத்துவிட்டு வினாயகமூர்த்தி கதிரையில் சாய்ந்தார். மீன்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.